ஒரு எச் போட்டா ஓடியா வரும் அதிர்ஷ்டம்?

ஏலே பேராண்டி, உன் பொண்டாட்டி அனுப்பி வச்ச பேரு லிஸ்ட்டு வந்து சேந்துச்சு. கண்ணாடியைத் தொடச்சுப் போட்டுக்கிட்டு, ஒண்ணொண்ணா சத்தம் போட்டு வாசிச்சுப் பாத்தேன். ஹஷ்விகா, யஷ்மிதா, த்ரிஷாங்கினி, லக்ஷிகா, யக்ஷிகா... பாதி லிஸ்ட்டைத்தான் தாண்டியிருப்பேன், அடுப்படில இருந்து உங்க ஆச்சி சுக்குக் காப்பியோட வந்து நிக்கா. நான் விடாம தும்முதேன்னு நெனச்சுக்கிட்டாளாம்.

கோவிச்சுக்காத தாயி. பெத்தவ நீ, பேரு வைக்கப் போறவளும் நீ. கெழவனுக்கு அதுல என்ன பாத்தியதை இருக்கு? ஆயுசு பூராவும் ரிஜிஸ்தர் ஆபீஸ் வேப்பமரத்தடில உக்காந்து பத்திரம் எழுதுனவன் நான். ஊரான் பேரை எழுதி எழுதியே தேஞ்ச கை இது. ஒரு பேரைக் கண்டா, இது எங்க இருந்து வந்துச்சு, எந்த ஆபீஸ்ல போயி முட்டிக்கிட்டு நிக்கும்னு ரோசனை தன்னால ஓடுது. கேட்டா கேளு, கேக்காட்டா இந்தச் செவில வாங்கி அந்தச் செவில விட்டுரு. உன் வீட்டுக்காரன் சின்னதுல இருந்து அப்படித்தான் செய்தான், நல்லாத்தான் இருக்கான்.

பிள்ளைக்குக் கேட்டை ரெண்டாம் பாதம், ‘யா’ வரிசைல பேரு வைக்கணும்னு ஜோசியர் சொன்னாருன்னீக. சரிதான். 27 நட்சத்திரம், ஒவ்வொண்ணுக்கும் நாலு பாதம், ஆகக்கூடி 108 எழுத்து. கேட்டைக்கு நோ, யா, யீ, யூ. பூட்டப்பிள்ள கெட்டிக்காரி, வசமான எழுத்தா பாத்து வந்து பெறந்திருக்கா. திருவாதிரை மூணாம் பாதத்துல பெறந்திருந்தா ‘ங’. அஸ்தம் மூணாம் பாதம்னா ‘ண’. எழுத்துகளை நட்சத்திரத்துக்குப் பங்கு வச்ச புண்ணியவான்க, அந்த எழுத்துல தமிழ்ல ஒரு பேராச்சும் உண்டுமான்னு பாக்கலை. ‘ங’வுக்கு ஔவையாருக்கே சொல்லு ஆப்பிடலை, ஆத்திசூடில அந்த எழுத்தையே சொல்லா வச்சு ஒப்பேத்திட்டு அடுத்த வேலையைப் பாத்தா கெழவி. நீங்க என்ன செஞ்சிருப்பீகளோ, ஃபோன்ல தேடி ‘ஙஷ்விகா’ன்னு ஒண்ணு கொண்டாந்திருந்தாலும் கொண்டாந்திருப்பீக.

இப்ப இந்த ‘ஷ்’ சங்கதிக்கு வருவோம். உன் புருசன் பேரு சதீஷ். அவங்க அப்பன் பிடிச்ச பிடில வச்ச பேரு, எனக்கு அதுல பங்கு கிடையாது. சதிங்கிறது தட்சன் மக, அவளுக்கு ஈசன், ஆகச் சதீசன். சிவபெருமான்தான். சுரேஷ், ரமேஷ், கணேஷ், மகேஷ் எல்லாத்துக்கும் வால்ல உக்காந்திருக்கது இதே ஈசன். கோயில் சுவத்துல ‘ஈசன்’னு எழுதுனா ‘ச’ போடுதோம். அதே ஈசன் வடக்க போயி ரயிலேறித் திரும்பி வந்தா ‘ஷ்’ ஆயிருதாரு. வேடிக்கை என்னன்னா, வடமொழில அந்த எடத்துல ‘ஷ’வே கெடையாது. அங்க ச, ஷ, ஸன்னு மூணு தினுசு உண்டு. ஈசனுக்கு உள்ளது மொத தினுசு. கிரந்தத்துல அதுக்கு ‘ஶ’ன்னு தனி எழுத்தே இருக்கு. ஆக, நம்ம ‘ஷ்’ வடமொழிக்கும் பொருந்தலை, தமிழுக்கும் பொருந்தலை. ஆனாலும் ‘சதீசன்’னு எழுதுனா பட்டிக்காட்டான், ‘சதீஷ்’னு எழுதுனா படிச்சவன்னு ஒரு நெனப்பு நமக்கு.

இந்த வழக்கைத் தொல்காப்பியரு அப்பவே தீத்து வச்சுட்டாரு. வடசொல்லு வேணும்னா எடுத்துக்கோ, வடவெழுத்தை வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு உள்ள வரச்சொல்லுன்னு. கம்பர் அதுபடி லக்ஷ்மணனை இலக்குவனா ஆக்குனாரு, விபீஷணனை வீடணனா ஆக்குனாரு. ‘ஷ’ போனதுனால வீடணனுக்கு என்ன கொறஞ்சு போச்சு? இலங்கை ராச்சியமே கெடச்சுது. அப்பறம் இன்னொரு சட்டம்: சொல்லுக்கு மொதல்ல ‘ர’, ‘ல’ வரப்படாது. அதனாலதான் ராமன் இராமன் ஆனான், லங்கா இலங்கை ஆச்சு. ‘ய’ வரிசைலயும் ‘யா’ மட்டுந்தான் மொதல்ல நிக்கலாம்னு தொல்காப்பியரு கறாரா சொல்லிட்டாரு. வெறும் ‘ய’ வந்தா முன்னால ஒரு ‘இ’ போட்டு உள்ள விடணும். யந்திரம், இயந்திரம். தாயி, இந்த ‘இ’யை மனசுல வச்சுக்கோ. பின்னால அதுக்கு வேலை இருக்கு.

இலக்கணம் படிச்சவுக பண்ணுனது இப்படின்னா, படிக்காத சனத்தோட வாய் அதுக்கும் மேல. அலர்மேல்மங்கைன்னு ஒருத்தி, தாமரைப் பூவுக்கு மேல உக்காந்திருக்க மகாலட்சுமி. நம்ம ஆளுக கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளை அலமேலு ஆக்கிட்டாக. கிருஷ்ணன் பாகதத்துல கண்ஹன்னு ஆகி, நம்ம வாயில விழுந்து கண்ணன் ஆனான். பாக்தாத்துல அடங்கியிருக்க பெரிய ஞானியோட பட்டப்பேரு முஹ்யித்தீன்; இங்க பள்ளிவாசல் தெருவுல அதே பேரு முகைதீனாகி, மொய்தீனாகி, மைதீனாகி நிக்குது. நம்ம பாஞ்சாலங்குறிச்சிக்காரர் வம்சத்துல கெட்டிபொம்முன்னு தெலுங்குல இருந்த பேருதான் கட்டபொம்மன்னு ஆச்சுன்னு சொல்லுவாக. வெள்ளைக்காரன் கடுதாசில அதை ஆளுக்கொரு தினுசா எழுதுனான். 1799ல கயத்தாத்துல தூக்குல போடும்போது மட்டும், எழுத்துக்கூட்டுல சந்தேகம் இருக்குன்னு எவனும் நிறுத்தலை.

தூத்துக்குடிப் பக்கம் போனா இன்னும் ருசி. 1542ல சவேரியார் அந்தக் கடக்கரைக்கு வந்தாரு. அவருக்கு முன்னாலயே போர்ச்சுக்கீசுக்காரன் வந்து, மச்சாது, பர்னாந்து, கோமசுன்னு வம்சப்பேரா அள்ளிக் குடுத்துட்டான். அங்க சந்தியாகுன்னு ஒரு பேரு உண்டும். போர்ச்சுக்கீசுல சாந்தியாகோ, பிரிச்சா புனித இயாகோ. இயாகோ யாருன்னு பாத்தா எபிரேயத்து யாக்கோபு. அதே யாக்கோபு கத்தோலிக்கக் கோயில்ல யாகப்பர். சி.எஸ்.ஐ. கோயில்ல யாக்கோபு. கான்வென்ட்டுல ஜேம்ஸ். பள்ளிவாசல் தெருவுல யாகூப். ஒரே டீக்கடை பெஞ்சுல சந்தியாகு, யாகப்பன், யாக்கோபு, ஜேம்ஸ், யாகூப்னு அஞ்சு பேரு உக்காந்திருந்தா, கடைக்காரன் கடன் நோட்டுல ஒரே பேரை அஞ்சு தரம் எழுதியிருக்கான்னு அர்த்தம். அது தெரியாம அஞ்சு பேரும் தனித்தனியா காசு குடுக்காம ஏமாத்துவானுக.

கடலைத் தாண்டுன பேருகளை ஒரு ஓட்டமா சொல்லிட்டுப் போயிருதேன். 1860ல ட்ரூரோன்னு ஒரு கப்பலு மெட்ராசுல இருந்து கரும்புக்காட்டு வேலைக்கு ஆளுகளை ஏத்திக்கிட்டுத் தென்னாப்பிரிக்கா நேட்டாலுக்குப் போச்சு. அந்த நாட்டுக் குமாஸ்தா காதுக்கு எட்டுனதை எழுதுனான். முதலியார் மூட்லி ஆனாரு, கவுண்டர் கோவெண்டர் ஆனாரு. மலேசியால லட்சுமியை இங்கிலீசுல எழுதும்போது நடுவுல ‘டி’, ‘சி’, ‘எச்’ மூணையும் போட்டு லெட்சுமி ஆக்கிட்டாக. புதுச்சேரில பிரெஞ்சுக்காரன் வழில எழுதுனவுக நம்ம ‘ழ’வுக்கு ‘ஜே’ போட்டாக. பிரெஞ்சு நாக்குக்கு அது ரொம்பப் பக்கம். இங்கிலீசு படிச்ச நம்ம பய அதைப் பாத்தா பழனியைப் பஜனின்னு வாசிப்பான். யாழ்ப்பாணத்துத் துரைக்கு முன்னால ‘டி’யும் ‘எச்’சும், நம்ம ஊரு துரைக்கு முன்னால ‘டி’ மட்டும், அதுவும் வேற ‘டி’. நம்ம சர்க்காரே 2020 ஜூன்ல 1,018 ஊருக்கு இங்கிலீசு எழுத்துக்கூட்டைத் தமிழ் உச்சரிப்புப்படி மாத்துதோம்னு உத்தரவு போட்டுட்டு, சனம் சிரிச்ச சிரிப்புல அதே மாசம் வாபஸ் வாங்கிட்டாக. இவ்வளவு கூத்துலயும் ஒண்ணைக் கவனி. இந்தக் குமாஸ்தாக்கள்ல எவனும் அதிர்ஷ்டத்துக்குன்னு ஒரு எழுத்தைக் கூட்டலை. காதுல விழுந்ததை எழுதுனான், அவ்வளவுதான்.

உங்க நியூமராலஜிக்காரருதான் அதுக்குன்னு வந்து பெறந்திருக்காரு. லிஸ்ட்டுல ‘யா’ வரிசைக்குத் தோதுன்னு நீங்க பிடிச்சு வச்ச யக்ஷிகாவை இங்கிலீசுல எழுதி, கடைசில ஒரு ‘எச்’ சேத்தாத்தான் பிள்ளைக்கு யோகம்னு சொல்லி, அதுக்குப் பீசும் வாங்கியிருக்காரு. ஒரு எழுத்துக்கு அவ்வளவு ரூவான்னா, பக்கம் பக்கமா எழுதுன நான் கட்டுன வீடு ஏன் இன்னும் ஓட்டு வீடாவே இருக்குன்னு எனக்கு வெளங்கலை.

அந்தக் கணக்கு என்ன பெரிய தேவரகசியமா? கீரோன்னு ஒரு வெள்ளைக்காரரு. அயர்லாந்துல 1866ல பெறந்தவரு, சொந்தப் பேரு வில்லியம் ஜான் வார்னர். தம் பேரையே மாத்திக்கிட்டுத்தான் ஊருக்குப் பலன் சொல்ல வந்தாரு. அவரு புஸ்தகத்துல கல்தேயர் முறைன்னு ஒரு அட்டவணை இருக்கு. ஏ, ஐ, ஜே, க்யூ, ஒய் அஞ்சுக்கும் 1. பி, கே, ஆர் மூணுக்கும் 2. சி, ஜி, எல், எஸ் நாலுக்கும் 3. டி, எம், டீக்கு 4. ஈ, எச், என், எக்ஸுக்கு 5. யூ, வி, டபிள்யூவுக்கு 6. ஓவுக்கும் இசட்டுக்கும் 7. எஃப், பிக்கு 8. ஒம்பது மட்டும் எந்த எழுத்துக்கும் கெடையாது, அது புனிதமாம். கல்தேயர் வாழ்ந்த காலத்துல இங்கிலீசுன்னு ஒரு பாசையே கெடையாது. ‘ஜே’ன்னு தனி எழுத்தா பிரிஞ்சதே ஒரு ஐநூறு வருசத்துக்குள்ளதான். ஆனாலும் அவுக எந்தக் களிமண் பலகைலயோ ‘ஜே’வுக்கு 1 போட்டு வச்சுட்டுப் போயிருக்காக. நம்பிக்கிடுவோம்.

இன்னொரு கூத்தும் அதுல இருக்கு. ஊருல பாதிப் பேரு ‘ஐ’யை எடுத்துட்டு ‘ஒய்’ போடுதான்ல, பேருக்கு மிடுக்கு வரும்னு? ரெண்டுக்கும் 1தான். கணக்குல ஒரு நயா பைசா மாறாது. ‘ஈ’யைத் தூக்கிட்டு ‘எச்’ போட்டாலும் 5க்கு 5. பெட்டிக்கடைல நல்ல நோட்டைக் குடுத்துக் கிழிஞ்ச நோட்டை வாங்கிட்டு வந்த கதை மாதிரிதான்.

நீ கேப்ப, பெரிய பெரிய ஆளுகளே செய்யலையா தாத்தான்னு. செஞ்சாகதான். 2001 வாக்குல ஜெயலலிதா அம்மா தம் பேரை இங்கிலீசுல எழுதும்போது கடைசில இன்னொரு ‘ஏ’ சேத்தாக. நானும் சும்மா கூட்டிப் பாத்தேன். பழைய எழுத்துக்கு 22 வருது. கீரோ கணக்குல அது மத்தவுக மடத்தனத்துல சிக்கித் தடுமாறுத எண்ணு. ஒரு ‘ஏ’ சேந்தா 23. அது சிங்கத்தோட ராச நட்சத்திரம். கணக்கு என்னவோ கச்சிதமாத்தான் இருக்கு. ஆனா தமிழ்ல அந்தப் பேரு அன்னைக்கும் அஞ்செழுத்து, கடைசி வரைக்கும் அஞ்செழுத்து. ஓட்டுப் போட்டவுக யாரும் இங்கிலீசுல எழுத்தெண்ணிப் போடலை.

சரி, நம்ம பிள்ளைக்கு வருவோம். யக்ஷிகா. ஒய் 1, ஏ 1, கே 2, எஸ் 3, எச் 5, ஐ 1, கே 2, ஏ 1. மொத்தம் 16. கீரோ புஸ்தகத்துல அதுக்குப் படம், கோபுரத்துல இடி விழுது, தலைல கிரீடத்தோட ஒருத்தன் மேல இருந்து கீழ விழுதான். உங்க ஆளு பயப்படுத்துனது இதை வச்சுத்தான். வால்ல ‘எச்’ போட்டா 5 கூடி 21. அது ஞானிகளோட கிரீடம். அதாவது விழுந்தவன் தலைல இருந்த கிரீடத்தை எடுத்துத் தொடச்சு ஞானி தலைல வச்சுட்டாரு. அஞ்சு நிமிசத்து வேலை.

இனிமேத்தான் விசயமே இருக்கு. ரெண்டு பேரும் உக்காந்துக்கோங்க.

அந்தப் பேருக்கு அர்த்தம் என்னன்னு ஃபோன்ல பாத்தீகளா? தேவதைன்னு போட்டிருக்கும், அதோட விட்டிருப்பீக. யக்ஷின்னு வடமொழில சொல்லுதது, புதையலைக் காக்குத, மரத்துல குடியிருக்க பெண் தெய்வத்தை. இந்த யக்ஷி தமிழ் பேசுத சனத்துக்குள்ள வந்தா. ‘ய’ மொதல்ல நிக்கப்படாதுன்னு சொன்னேன்ல, ஒரு ‘இ’ வந்து முன்னால நின்னுச்சு. ‘க்ஷ’ நாக்குல நிக்கலை, ‘க்க’ ஆச்சு. இயக்கி. சிலப்பதிகாரத்துலயே மதுரைக்கு வெளிய ஒரு இயக்கி கோயிலு வருது. அதுக்கப்பறம் நம்ம தெக்கத்தி வாய் சும்மா இருக்குமா? இயக்கியை இன்னும் கொஞ்சம் தேச்சுக் கழுவி இசக்கி ஆக்கிருச்சு.

ஆமாலே. முப்பந்தல்ல இருக்காளே, அவதான். நம்ம கம்மாக்கரை ஆலமரத்தடில செவப்புச் சீலை கட்டிக்கிட்டு, மண்ணுல செஞ்ச பிள்ளைப் பொம்மைகளை முன்னால வரிசையா வச்சுக்கிட்டு நிக்காளே, அவளேதான். உனக்குப் பூட்டி, என்னைப் பெத்த மகராசி இசக்கியம்மா பேரும் அதுதான்.

உங்க கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கையில, பெரியவுக பேரு வரிசைல எங்க அம்மா பேரைப் போடவான்னு உங்க அப்பன் கேட்டான். ‘வேண்டாம்ப்பா, இசக்கின்னா ஆபீஸ்ல எல்லாரும் என்னமும் நெனப்பாங்க’ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னது யாருன்னு உனக்கு ஞாபகம் இருக்கா பேராண்டி? எனக்கு இருக்கு. இப்ப அதே பூட்டி பேரை, நாங்க தலைமுறை தலைமுறையா கழுவி எடுத்த ‘க்ஷ’வைத் திரும்பப் பூசி, வால்ல ஒரு எச்சும் சேத்து, பீசும் கட்டி வாங்கிட்டு வந்திருக்க. எங்க அம்மா இருந்திருந்தா இடுப்புல இருந்து சுருக்குப்பையை எடுத்து அந்த நியூமராலஜிக்காரருக்கு வெத்தலை பாக்குக்குக் காசு குடுத்திருப்பா.

இன்னொண்ணும் சொல்லுதேன். நேத்து ராத்திரி தூக்கம் வராம, இசக்கியையும் அந்த அட்டவணைல போட்டுக் கூட்டிப் பாத்தேன். ஐ 1, எஸ் 3, ஏ 1, கே 2, கே 2, ஐ 1. பத்து! கீரோ கணக்குல 10ங்கிறது அதிர்ஷ்டச் சக்கரம். ஒரு எழுத்தும் கூட்ட வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம். கைநாட்டு வச்ச பொம்பளை பேருக்கு எவனுக்கும் பீசு கட்டாம அதிர்ஷ்டச் சக்கரம் வந்து உக்காந்திருக்கு.

உடனே மூஞ்சியைத் தூக்கி வைக்காத தாயி. இசக்கின்னு வைன்னு நான் சொல்லவே இல்லை. யக்ஷிகான்னே வையி. யாரு வேண்டாம்னா? உங்க ஆச்சிக்கு முன்பல்லு ரெண்டு கெடையாது, அவ வாயில அது ‘எச்சியா’ன்னுதான் வரும். தெருப்பிள்ளைக ‘யச்சி’ன்னு கூப்பிடும். பத்து வயசுல ‘இச்சி’ன்னு ஆகும். இன்னும் ரெண்டு தலைமுறை போச்சுன்னா தன்னால இசக்கிக்கே வந்து சேந்துரும். நமக்கு என்ன அவசரம்?

கடுதாசி விசயத்துல மட்டும் வெளையாடாத. அதுல நான் பட்டிருக்கேன். சுப்பையான்னு ஒரு மனுசன் நெலம் விக்க வந்தாரு. பட்டால சுப்பையா, ரேசன் கார்டுல சுப்பய்யா, ஓட்டர் கார்டுல சுப்பயா, இங்கிலீசு ஆதார்ல ‘பி’ ஒண்ணு கம்மி. இந்த நாலு பேரும் ஒரே ஆளுதான்னு முத்திரைத்தாள்ல சத்தியம் எழுதிக் குடுத்தேன். அதுல கையெழுத்துப் போடச் சொன்னா, அந்த மனுசன் அஞ்சாவதா ஒரு தினுசுல போட்டாரு. பத்திரத்துல ‘என்கிற’ன்னு ஒரு சொல்லு உண்டும், ‘முருகேசன் என்கிற முருகேஷ்’னு எழுதுவோம். எங்க தொழிலுக்குச் சோறு போட்டதுல பாதி அந்த ‘என்கிற’தான். உன் மகளால எங்க தொழிலு பொழைக்கட்டும்னு நெனச்சா, தாராளமா அந்த எச்சை ஒரு எடத்துல போட்டு ஒரு எடத்துல விடு.

பெறப்பை 21 நாளைக்குள்ள பதியணும், அதை ஆஸ்பத்திரிலயே செஞ்சிருப்பாக. பேரை அப்பறம் சேக்கலாம்; 12 மாசத்துக்குள்ளன்னா காசு கெடையாது, அதைத் தாண்டுனா தாமதக் கட்டணம், 15 வயசு வரைக்கும் விடுவாக. அந்தக் காலத்துல பெறப்புச் சீட்டை எலி தின்னாலும் யாரும் கேக்க மாட்டாக. இப்ப 2023 அக்டோபர் 1ல இருந்து பெறந்த பிள்ளைகளுக்கு, பள்ளிக்கூடம் சேக்க, லைசென்சு எடுக்க, ஆதார் எடுக்க எல்லாத்துக்கும் அந்த ஒரு சீட்டுதான் ஆதாரம். அதுல விழுந்த எழுத்துதான் ஆயுசுக்கும். நாளைக்கு மாத்தணும்னு தோணுனா அரசிதழ்ல வெளம்பரம் குடுத்துட்டு அலையணும்.

பாஸ்போர்ட்டை நெனச்சும் இப்பவே ரோசிச்சுக்கோ. நம்ம சனத்துக்கு முன்னால ஒரு இன்ஷியலு, பின்னால ஒரு பேரு, சோலி முடிஞ்சுது. வம்சப்பேரு எங்கன்னு அமெரிக்காக்காரன் கேப்பான். பாஸ்போர்ட்டுல ஒத்தைப் பேரு மட்டும் இருந்தா, விசால முதல் பேரு எடத்துல எஃப்.என்.யூ.ன்னு மூணு எழுத்தைப் போட்டு அனுப்பிருதான். முதல் பேரு தெரியலைங்கிறதுக்குச் சுருக்கமாம். உங்க சித்தப்பன் மகன் பாஸ்டன்ல எறங்குனப்ப அவனை ‘மிஸ்டர் ஃப்னூ’ன்னு கூப்பிட்டானாம். அந்தப் பேருக்கும் நியூமராலஜி பாத்தானான்னு கேட்டேன், ஃபோனை வச்சுட்டான்.

அப்பறம் ஒரு சின்ன செலவு இருக்கு பேராண்டி. யக்ஷிகாவா இருந்தாலும், எச்சு போட்ட யக்ஷிகாவா இருந்தாலும், பேரு அவ பேரு. அவ பேரை வச்ச பிள்ளைக்கு அவ வாசல்லதான் மொட்டை போடணும், மண்ணுல ஒரு பிள்ளைப் பொம்மை செஞ்சு வைக்கணும், கொடைக்கு ஒரு கெடாயும் வெட்டணும். பூசாரிகிட்ட நேத்தே சொல்லிட்டேன். கெடா என்ன வெலைக்குப் போகுதுன்னு எட்டயபுரம் சந்தைல விசாரிச்சும் வச்சிருக்கேன். ரூவா உன்னுது. நல்ல கொம்பா பாத்து நானே பிடிச்சுக் கட்டி வைக்கேன், நீ அந்த ஜிபேயோ என்னமோ, அதுல அனுப்பி விட்டுரு. என் பேரை அதுல எப்படி எழுதியிருக்குன்னு மட்டும் ஒரு தரம் சரிபாத்துட்டு அனுப்பு, போன தடவை நீ அனுப்புன பணம் இதே பேருல வேற எவனுக்கோ போயிருச்சு.